கட்டி இழுத்து வந்த வான்

பனிச்சங்கேணி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் உதயரூபனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் தங்கச்சி நிருஷாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். கையில் போன் இருக்க இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ கேட்கிறாய், நான் ஓம் ஓம் என்கிறேன், நீ வைத்துவிடுகிறாய். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எனக்கு ஞாபகம் வருகிறது. உன்னோடு அறையில் இருக்கிற ஓட்டமாவடிப் பொடியன் றிப்ஷான் லீவு முடிந்து சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். இது அவன் கையில் வரும். கருவாடும் ஒரு பொதி வரும். நிருஷாதான் கட்டினாள்.

நேற்று மட்டக்களப்பில் பாவனையாளர் கந்தோரில் விசாரணை முடிந்தது. வானை யாரும் கட்டி இழுக்கவில்லை, நின்ற இடத்திலிருந்து லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம் என்று சொல்லும்படி நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் அப்படிச் சொல்லவில்லை. முறைப்பாடு எங்கள் பக்கம் நிற்கவில்லை. கியர்பொக்ஸுக்கு வொரண்டி இல்லை என்று எழுதிவிட்டார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, வேலை முடிந்து சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வாசி.

இங்கே மழை விட்டுவிட்டது. எங்கள் பக்கத்து வயல் வட்டையில் வெட்டு முடிந்து நெல் றோட்டில் காய்கிறது. வாகனங்கள் எல்லாம் ஒரு பக்கமாகத்தான் போகின்றன. அம்மா போய் முப்பத்தோராம் நாள் அமுது கொடுத்து முடிந்தது உனக்குத் தெரியும், படம் அனுப்பியிருந்தாள் தங்கச்சி. சனம் வந்தது, சாப்பிட்டது, போனது. கறி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சாப்பிட்டேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை மகன். பெரிய குறை மாதிரி அது இருந்துகொண்டிருக்கிறது. நிருஷா என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். தேத்தண்ணி வைக்கட்டா என்று கேட்பாள், ஓம் என்பேன், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஹோரேஸ் பாஸை நீ கண்டதில்லை, போனில் சண்டை பிடித்ததோடு சரி. ஆகவே அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். மட்டக்களப்பு ரவுனில் பறங்கியர் இருக்கிற பக்கம் அவருடைய கராஜ். தகப்பன் காலத்திலிருந்து இரும்போடு புழங்குகிற குடும்பம். ஆவணியில் பழைய கியர்பொக்ஸ் போனபோது, ஜப்பானிலிருந்து வந்த இந்த ரீகண்டிஷன் கியர்பொக்ஸைப் பூட்டி ஒரு வருச வொரண்டி எழுதித் தந்தவர் அவர்தான். புதியதா இதுவா என்று கேட்டு, இது போதும் என்று நீ முடிவு சொன்னாய். அதில் ஒரு பிழையும் இல்லை. ஐந்து மாதம் வான் பட்டுப்போல ஓடியது. காலையில் ரீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு கதிரவெளிக்குப் போய், பின்னேரம் செங்கலடி வரை கொண்டுவந்து இறக்குவேன். ஒருநாள் பிந்தியதில்லை.

பொங்கலுக்குப் பிறகு வானை லொறியில் ஏற்றி அவரிடம் சேர்த்தோமே, கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். கியர்பொக்ஸைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். உள்ளே தட்டுகள் எல்லாம் நீலம் பாரித்துக் கருகிக் கிடந்தன. "இது ஓடி எரிஞ்சது இல்ல அண்ணே, இழுத்து எரிஞ்சது" என்றார். நான் எகிறிவிட்டேன். முப்பது வருசம் பஸ் ஓட்டியவன் நான், எத்தனை பஸ்ஸை நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்திருக்கிறோம், இழுத்தால் கியர்பொக்ஸ் எரியும் என்று யாருக்குக் கதை விடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அது கைக்கியர், இது தானாக மாறுகிற ஓட்டோ கியர், இதில் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே இருக்கிற பம்ப் எண்ணெயைத் தூக்கிக் கொடுக்கும், எஞ்சின் நின்றிருக்கச் சில்லு மட்டும் உருண்டால் இரும்பும் இரும்பும் காய்ந்து தேயும் என்று சொன்னார். வொரண்டிக் கடதாசியிலும் இழுக்கக் கூடாது என்று இருக்கிறதாம். இருக்கலாம். கடதாசியை நான் மடித்து வைத்ததோடு சரி.

இன்னொன்றும் சொன்னார். அதில் பாதியை நீ கேட்டும் கேட்காத மாதிரி விட்டுவிட்டாய். அன்றைக்கு வான் நின்றது கியர்பொக்ஸ் பழுதானதால் இல்லை. கியர்த் தடியிலிருந்து கீழே போகிற வயரின் நுனியில் ஒரு கிளிப் இருக்கிறது. அது கழன்று விழுந்திருக்கிறது. தடியை எங்கே தள்ளினாலும் கீழே ஒன்றும் அசையாது, நியூட்ரலிலேயே கிடக்கும். "கிளிப் என்ட பொறுப்பு, அதுல நான் ஒளிக்க இல்ல. ஆனா கம்பித்துண்டு ஒண்டால கட்டியிருந்தாலும் வான் ஓடியிருக்கும்" என்றார். கிளிப் கழன்றதால்தானே இழுக்க வேண்டி வந்தது, அப்படியென்றால் முழுச் செலவும் கராஜ்காரனுடையது என்று நீ போனில் அவரோடு வாதாடினாய். நியாயமான பேச்சுத்தான். கள்ளப் பாஸ் என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. அதோடு அவரும் முறுகிவிட்டார், கந்தோரில் பார்த்துக்கொள்வோம் என்று.

கம்பித்துண்டு ஒன்று என்று அவர் சொன்னது சரிதான். பஸ் என்றால் நின்ற உடனே கீழே படுத்துப் பார்த்திருப்பேன். ஓட்டோ கியர் என்றால் பெட்டிக்குள் என்னவோ மந்திரம் இருக்கிறது, கை வைக்கக் கூடாது என்ற பயம். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மாவைப் பற்றி ஹோரேஸ் பாஸுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை, கராஜுக்குப் போனால் கியர்பொக்ஸைப் பற்றித்தான் பேச வருகிறது. உனக்கும் நான் முழுதாகச் சொல்லவில்லை. வழியில் வான் நின்றது, போய்ச் சேரும்போது அம்மா இல்லை என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

பொங்கலன்று கோயிலில் பொங்கிவிட்டு நானும் அம்மாவும் முதலில் வீட்டுக்கு வந்தோம். தங்கச்சி பானையோடு அங்கே நின்றாள். கால் கழுவப் போன அம்மா கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். நெஞ்சுக்குள் அடைக்கிறது, இருக்க ஏலாது, படுக்க வேண்டும் என்றாள். வாசலில் வான் நிற்கும்போது அம்புலன்ஸ் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பின்சீட்டில் படுக்க வைத்து எடுத்தேன். கிட்ட இருக்கிற வாகரைக்குப் போயிருக்கலாமே என்று பிறகு பலர் சொன்னார்கள். அவளுக்குக் கிளினிக் வாழைச்சேனையில், கை அந்தப் பக்கமே திருப்பியது. நிருஷாவை ஏற்றிக்கொண்டு போகவும் நிற்கவில்லை. அவள் என்னோடு அளவாகப் பேசுவது அதற்குத்தான்.

மாங்கேணிக்கு இங்கால் வான் நின்றது. எஞ்சின் ஓடுகிறது, மிதித்தால் சத்தம் ஏறுகிறது, சில்லு உருளவில்லை. பொங்கல் நாள், பஸ் ஒன்றும் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. மூன்று சில்லு வண்டி ஒன்று வந்து நின்றது, அதில் படுக்க இடம் இல்லை. இருத்திப் பார்த்தோம், அம்மாவுக்குக் கண் சொருகியது. திரும்பவும் படுக்க வைத்தோம். அந்த நேரம்தான் எங்கள் ஊர் யோகராசா தன்னுடைய உழவு மெசினில் வந்தான். பின்னால் இழுவைப் பெட்டி பூட்டியிருக்கவில்லை. கழுவிப் பொட்டு வைத்து முன்னுக்குக் கரும்பு கட்டியபடி, மாமி வீட்டுக்குப் பொங்கல் கொண்டு போகிறவன். "அண்ணே கயிறு இருக்கு, கட்டுவம்" என்றான். வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை. வாழைச்சேனை ஆசுபத்திரி வாசல் வரை அவன்தான் இழுத்தான். அன்று அவன் மாமி வீட்டுக்குப் போகவே இல்லை.

இழுத்ததால்தான் கியர்பொக்ஸ் எரிந்தது என்ற கதை ஊருக்குள் வந்த பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அமுதுக்கும் வரவில்லை. போன கிழமை வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "நான் செஞ்சது பிழையாண்ணே" என்று கேட்டான். உள்ளே வா என்றேன். வரவில்லை. இனி நான் கந்தோரில் போய், வானை யாரும் இழுக்கவில்லை என்று சொன்னால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது? அந்த உதவி நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஆகவே அதைச் சொல்வதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். இதற்காக நீ என்னை ஏசினால் வாங்கிக்கொள்கிறேன்.

விசாரித்தது அஸீமா என்று ஒரு பிள்ளை. நிருஷாவை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மரியாதையாகப் பேசினாள். நான் ஒரு பக்கம், ஹோரேஸ் பாஸ் ஒரு பக்கம். அவருடைய மனைவி ஒலிவும் வந்து பின்னால் இருந்தா. வான் கட்டி இழுக்கப்பட்டதா என்று பிள்ளை கேட்டாள். ஓம் என்றேன். இழுக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன் என்று நினைத்து ஹோரேஸ் பாஸ் எரிந்த தட்டு ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரிக்காமல் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கேயிருந்து எங்கே வரை என்று அவள் கேட்டாள். சொன்னேன். கராஜ் ரவுனில் இருக்க ஏன் வாழைச்சேனைக்கு இழுத்தீர்கள் என்றாள். ஆசுபத்திரி அங்கே என்றேன். ஆசுபத்திரிக்கு ஏன் என்றாள். பின்சீட்டில் என் மனிசி கிடந்தா என்றேன். இப்ப அம்மா எப்படி இருக்கிறா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். இல்லை என்றேன். எப்படி இருக்கிறா என்றதற்கு இல்லை என்று சொன்னால் என்ன விளங்கும்? அதனால் திரும்பவும், அண்டைக்கே முடிஞ்சுது மகள் என்றேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலத்தான் என் வாயில் வந்தது. ஒலிவ் சிலுவை போட்டுக்கொண்டா. ஹோரேஸ் பாஸ் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளிப்பை அவர்தான் தன் கையால் பூட்டியவர். பூட்டும்போதே சரியாக இருக்கவில்லையா, ஓட்டத்தில் கழன்றதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பிறகு ஹோரேஸ் பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஒன்று கேட்கலாமா என்று பிள்ளையிடம் அனுமதி கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "எஞ்சின் ஸ்டார்ட்லதானே இருந்திச்சு, அண்ணே?" என்றார். கேள்வி மாதிரி இல்லை, இருந்தது என்று எனக்குச் சொல்லித் தருகிற மாதிரி. பிள்ளைக்கும் விளக்கினார். எஞ்சின் ஓடியபடி இழுத்திருந்தால் எண்ணெய் போயிருக்கும், அப்படிப் போயும் எரிந்தது என்றால் பழுது கியர்பொக்ஸில்தான், அப்போது அது தன் தலையில், முழுதாகச் செய்து கொடுக்கத் தான் ஆயத்தம் என்றார். பிள்ளை பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. மூன்று பேரும் நான் ஓம் என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மகன், அந்த ஓம் என்ன பெரிய வேலை? செத்த வீடு தொடங்கி இன்றுவரை நான் எல்லாவற்றுக்கும் ஓம்தான் சொல்கிறேன். பெட்டி இதுவா, ஓம். பறை வேண்டுமா, ஓம். உன்னிடமும் ஓம். அந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் வான் உருண்டு வெளியே வந்திருக்கும். நீ வெயிலில் நின்று உழைத்தது வீணாகியிருக்காது. ரீச்சர்மார் வேறு வான் பிடித்திருக்கமாட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். இல்லை, நான் நிறுத்தித்தான் வைத்திருந்தேன் என்று சொன்னேன்.

அவ்வளவுதான், பிள்ளை எழுதினாள், கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து மாமரத்துக்குக் கீழே ஹோரேஸ் பாஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன விசரா? நான் கதவத் திறந்து விட்டன், நீங்க சாத்திட்டுப் போறீங்க" என்று ஏசினார். கண் சிவந்து போயிருந்தது. இதை முதலில் சொல்லியிருந்தால் மகனோடு இப்படி வாய்க்கு வாய் நின்றிருக்கமாட்டேனே என்றார். ஒலிவ் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. வான் கராஜிலேயே நிற்கட்டும், இடத்தை அடைக்கவில்லை என்று பாஸ் சொன்னார். சரி என்றேன். அவர் நல்ல மனிதர், மகன். நீ ஒருநாள் போன் எடுத்து, கள்ளப் பாஸ் என்ற அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்.

ஏன் இல்லை என்றேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

யோகராசா இழுக்கத் தொடங்கும்போது எஞ்சினைப் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஸ்டியரிங் லேசாக இருக்கும், பிரேக்கும் பிடிக்கும். இந்த வானில் எஞ்சின் ட்றைவர் சீட்டுக்குக் கீழே. காது அடைக்கும். மாங்கேணி தாண்டியதும் பின்னாலிருந்து அம்மா என்னவோ சொன்னாள். கேட்கவில்லை. கயிறு தளர்ந்தால் வெட்டி இழுக்கும், அதனால் கண்ணை எடுத்துத் திரும்பவும் முடியவில்லை. என்ன புஸ்பம், என்ன என்று கத்தினேன். "அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்களன், உங்களோட கதைக்க ஏலாமக் கிடக்கு" என்றாள். ஸ்டியரிங் பூட்டாமல் சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நல்லாகக் கேட்டது. முன்னால் மெசின் இரைந்துகொண்டு போனது, ஆனால் அது வெளியே. வானுக்குள் அவளுடைய குரல் மட்டும்தான். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான், நான் அவளுக்குக் கடைசியாகச் செய்து கொடுத்ததும் அதுதான். அதை நான் செய்யவில்லை என்று ஒரு கியர்பொக்ஸுக்காக எப்படி எழுதிக் கொடுப்பேன்? எஞ்சின் ஓடியது என்றால், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை என்று ஆகிறது. கதைத்தோம் மகன்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. கேற்றைச் சாத்தினீர்களா, ஆடு வரும் என்றாள். சாத்தினேன் என்றேன். நிருஷாவுக்குப் பானையைத் தனியே இறக்கத் தெரியாது, கையைச் சுட்டுக்கொள்வாள் என்றாள். காயாங்கேணி வருகிறது என்றேன், ம் என்றாள். நெஞ்சு எப்படி என்றேன், ம் என்றாள். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, தோள் இரண்டும் விட்டுப்போகிற மாதிரி. நான் சொல்லிக்கொண்டே வந்தேன், இதோ வந்துவிட்டோம், கல்குடாச் சந்தி, இனி கிட்ட என்று. எந்த இடத்தில் அவளுடைய ம் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் றோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசுபத்திரி வாசலில் இறக்க வந்த பொடியன்தான் எனக்குச் சொன்னான்.

இடையில் அவள் உன்னைப் பற்றிச் சொன்னாள். "தம்பி பின்னேரம் எடுப்பான். வான் நிண்டதச் சொல்லிப்போடாதிங்க. அவன்ட உழைப்புல வாங்கினது, தன்னால எண்டு யோசிச்சிக்கொண்டு சாப்பிடமாட்டான்" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் வான் நின்றதை அன்றைக்கே சொல்லிவிட்டேன், நீயும் அதையேதான் யோசிக்கிறாய். புதியது போட்டிருந்தால் நிற்காது என்று நீ நிருஷாவிடம் சொல்லி அழுததாக அவள் சொன்னாள். வாக்கை மீறியது மீறியதுதான், அதனால் முழுதும் எழுதிவிட்டேன். விழுந்தது ஒரு கிளிப். அது புதியதிலும் விழும். நீ வாங்கித் தந்த வான் இருந்தபடியால்தான் அம்மா நிம்மதியாகப் படுத்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு வந்தாள்.

செங்கலடியில் தனியார் பஸ்காரர் ஒருவர் ட்றைவர் தேடுகிறாராம். கைக்கியர் பஸ்தான். திங்கட்கிழமை போய்ப் பார்ப்பேன். வீட்டுச் செலவை நினைத்துக் கடன் படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா போன நாளிலிருந்து நீ எனக்கு எடுக்கும் போதெல்லாம் வானைத்தான் கேட்கிறாய், நானும் வானைத்தான் சொல்கிறேன். மற்றதைத் தொட உனக்கும் பயம், எனக்கும் பயம். இனி எடுத்தால் வானைக் கேட்காதே மகன். அம்மாவைக் கேள். என்னால் ஒழுங்காகச் சொல்ல வராது, இடையில் நின்றுவிடுவேன். நீ வைத்துவிடாமல் லைனில் இரு.

பிள்ளையார் உன்னைக் காப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. இளையதம்பி.